ஒரு வாஷர் கோணல்

பலகையின் வயிறு
சசூன் டாக்கில் இடித்துப் போட்ட குளிர்கிடங்கின் சுவர்.
எவ்வளவு சீவினாலும்
உள்ளே பழைய வாவல் மீன் நாறியது.

கால், ஜன்னல்.
அந்தேரியில் யாருடைய பால்கனிக்கோ அறுத்தது போக
மிஞ்சிய எண்பது சென்டிமீட்டர் அலுமினியம்.

இறக்கைதான் எங்களைத் தின்றது.
ஜெபசீலன் மூன்று செய்தான்.
முதலாவதுக்குப் பிசின் கலந்த டப்பா
கொதித்துப் புகைந்து
அடியில் ஓட்டை விழுந்து தரையோடு போயிற்று.
இரண்டாவது, ஜூலை ஈரத்தில்,
ஒரு வாரமாகியும் பலாச்சுளைபோல் ஒட்டியது.
மேல்மாடி மிஸஸ் லோபோ
நாற்றத்தைப் பற்றி சொசைட்டியில் எழுதிக் கொடுத்தாள்.
மூன்றாவதைப் பையில் போட்டுக் கட்டி,
செத்த ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரைக் காற்றுறிஞ்ச விட்டு,
பக்கத்திலேயே பாய் போட்டுக் கிடந்தான்.
ஜுரக்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல்
தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறான்.
"சூடு இருக்கு" என்றான் போனில்.
அப்போது மணி மூன்று.

பிசின் நிறுத்தது என் சமையல் தராசு.
அதில் இப்போது உளுந்து நிறுப்பதில்லை.

மார்வே. ஜனவரி. ஓதம் ஏறி நின்ற நேரம்.
ஐம்பத்திரண்டு கிலோ என்பதால் நான்.
இழுக்க, தாண்டேலின் சின்னப் படகு,
வலை போடாத நாளின் பெட்ரோல் காசுக்கு.

ஜன்னல் வைத்துப் பழகிய கை அவனுக்கு.
ரசமட்டத்தில் குமிழி நடுவே நிற்காவிட்டால்
சோறு இறங்காது.
இறக்கையையும் அப்படித்தான் பூட்டியிருந்தான்,
மயிரிழை பிசகாத நேர்.

எழவில்லை.
பதினொரு தடவை.
உழுதேன், குடித்தேன்,
ஒருமுறை அரை லிட்டர் பால் கவர்
இறக்கையில் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது.
தாண்டேல் பீடியை அணைத்துவிட்டு
மராத்தியில் மரியாதையாகக் கேட்டார்:
இதில் மீனை எங்கே வைப்பீர்கள்?

கரையில் கவிழ்த்துப் போட்டோம்.
முதல் கோணல் முற்றும் கோணல் என்று
கடைச் சுவரில் எழுதியே வைத்திருப்பவன் அவன்.
நாக்தேவி தெருவில் கிலோ கணக்கில் வாங்கிய வாஷரில்
ஒன்றைப் பொறுக்கி
இறக்கையின் முன் போல்ட்டுக்கு அடியில்
நானே செருகினேன்.
மூக்கு அரை நூல் தூக்கியது.
அவன் படகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாவது.
கயிறு விறைத்தது.
பலகையின் அடியில் தண்ணீர் தட்டிக்கொண்டே வந்தது,
தட்டிக்கொண்டே வந்தது,
பிறகு தட்டுவதைக் காணோம்.
குனிந்தேன்.
எனக்கும் தண்ணீருக்கும் நடுவே
ஒரு முழம் வெளிச்சம்.
கீழே அந்த ஜன்னல்கால் மட்டும்
பட்டுத்துணியில் ஓடும் கத்திரியாய்ப் போய்க்கொண்டிருந்தது.

"தோரி ஸோட்!"
விட்டேன்.
நான்கு விநாடி. ஜெபசீலன் ஐந்து என்கிறான்.
இறக்கை மேலே வந்து காற்றைக் கண்டது,
மீனுக்கு ஆவதுதான் அதற்கும் ஆயிற்று,
எல்லோரும் சேர்ந்து விழுந்தோம்.

முழங்காலுக்குக் கீழே ஏழு தையல்.
எது வெட்டியது என்றார் டாக்டர்.
இறக்கை என்றேன்.
ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.
ஜன்னல் என்று மாற்றிச் சொன்னேன்.

திங்கட்கிழமை காந்திவலியில் ஆறு ஜன்னல்.
ஒவ்வொன்றிலும் ரசமட்டம் வைத்தான்.
குமிழி நடுவில் வந்து நின்ற பிறகும்
சற்று நேரம்
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.