நாலரை மணிப் படகு

எங்கள் கல்லூரி தீவில் இருந்தது.
தீவு என்றதும் தென்னை வரைந்துவிடாதீர்கள்.
கடற்படை கழித்துப்போட்ட கொட்டகைகள்,
மழை பெய்தால் பாடம் கேட்காத தகரக் கூரை.
இந்தியர்களைத் தனியாக வைத்துப் படிக்கவைக்க
டர்பன் துறைமுகத்துக்குள் அவர்களுக்கு அகப்பட்ட இடம்.
காற்று ப்ளஃப் பக்கமிருந்து வந்தால்
திமிங்கிலம் காய்ச்சும் வாடை,
எதிர்ப்பக்கம் திரும்பினால் சர்க்கரைக் கிடங்கு.
இரண்டுக்கும் நடுவில் நான் ரசாயனம் படித்தேன்.

ஆண்கள் டை கட்ட வேண்டும். விதி.
பிப்ரவரிப் புழுக்கத்தில்
சட்டையே தோலாகிவிடும் ஊரில்.
கட்டாமல் வருபவனைத் திருப்பி அனுப்புவதற்கென்று
படகுத்துறையில் முக்காலி போட்டு
ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருப்பார்.

தமிழ் வகுப்பில் ராஜரத்னம்
பலகையில் டை என்று எழுதி
முன்னால் ஒரு த போட்டான்.
மறுநாள் த அழிந்து உ இருந்தது.
ஆசிரியர் நின்று பார்த்தார்.
"பிழையில்லை" என்றார்.
அழிக்காமல் பாடத்தைத் தொடங்கினார்.

வழக்கத்தை யார் தொடங்கியது, தெரியாது.
கடைசிப் பரீட்சை முடிந்த நாளில்
நாலரை மணிப் படகு பாதித் தண்ணீர் கடந்ததும்
எஞ்சின் ஒரு நிமிடம் குரல் தாழ்த்தும்.
பழுதல்ல; படகோட்டி சுலைமானின் உபயம்.
முடித்துப் போகும் பையன்கள்
டையைக் கழற்றி எறிவார்கள்.
பட்டு, பாலியெஸ்டர், கிரே ஸ்ட்ரீட்டில் கடனுக்கு வாங்கியது,
தகப்பன் கல்யாணத்தில் கட்டியது.
உடனே மூழ்காது அவை.
கொஞ்ச தூரம் எங்கள் கூடவே வரும்.

பெண்களுக்கு டை கிடையாது.
கத்துவது மட்டும் எங்கள் பங்கு.
ஒருமுறை அம்பிகை தன் ரிப்பனை எறிந்தாள்,
யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

தனபாலனும் நானும் கிளேர்வுட் பஸ்.
அவன் வீட்டில் ஒரே டை, இரண்டு கழுத்து.
பகலில் இவனுக்கு,
இரவில் அண்ணனுக்கு, கடற்கரை ஹோட்டலில் தட்டேந்த.
ஐந்தேகாலுக்கு பஸ் நிறுத்தத்தில்
தலை வழியாகக் கழற்றி,
தலை வழியாகவே மாட்டிவிடுவான்,
முடிச்சு கலையாமல்.
மூன்று வருஷம் நான் அதைப் பார்க்காதவள்போல்
பஸ் வருகிற திசையைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நவம்பரில்
பலகையில் யாரோ வி போட்டிருந்தார்கள்.
படகில் தனபாலன் என் பக்கத்தில், வெறுங்கழுத்தோடு.
எஞ்சின் தாழ்ந்தது.
எல்லாக் கைகளோடு அவன் கையும் உயர்ந்தது.
விழுந்தது டை அல்ல.
குடைத்துணி; கறுப்பாய், ஒரு சாண் அகலம்,
ஓரத்தில் கம்பி முனை இன்னும் தைத்தபடி.
மற்றதெல்லாம் மிதக்க
அது மட்டும் நேரே கீழே போனது.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

பிறகு கல்லூரி வெஸ்ட்வில் குன்றுக்குப் போனது.
குன்றில் கடல் ஏது?
ஒருவன் குழாயடித் தொட்டியில் எறிந்து பார்த்தானாம்,
தோட்டக்காரர் எடுத்துப் பிழிந்து கையில் கொடுத்தாராம்.

இப்போது சாவு வீடுகளில்தான் சந்திக்கிறோம்.
தேநீர் வந்ததும் படகும் வந்துவிடும்.
ஒவ்வொருவனும் தன்னுடையதுதான் தூரம் போனது என்கிறான்.
எல்லோர் சொல்லையும் கூட்டினால்
துறைமுகமே தூர்ந்துபோயிருக்கும்.
ராஜரத்னத்தைத் தகனம் செய்த அன்று
தனபாலன் பேரப்பிள்ளைகளிடம் சொன்னான்:
"என்னுடையது சிவப்புப் பட்டு. நீலக் கோடு."
பொய் சொல்லும் முகமில்லை அது.
எங்கோ வழியில் அவனே நம்பிவிட்டிருக்கிறான்.
"இவளைக் கேளுங்கள், பக்கத்தில் நின்றாள்."

"ஆமாம்," என்றேன்,
"ரொம்ப தூரம் போச்சு."
பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தேன்,
உடைந்து உள்ளே விழுந்தது.

அவன் மறந்தது எனக்கு இருக்கிறது.
அன்றைக்கும் ஐந்தேகால்.
காலர் திறந்தபடி அண்ணன் காத்திருந்தார்.
தனபாலன் கால்சட்டைப் பையிலிருந்து
சுருட்டியதை எடுத்தான்,
முடிச்சு அப்படியே இருந்தது.
"முடிச்சிட்டியா?" என்றார் அண்ணன்.
இவன் தலையாட்ட,
அவர் தலையைக் குனிந்தார்.