மாதிரி மூன்று

சோதனைக்கு முந்தைய நாள்
ஜன்னல் எதையும் திறக்கக் கூடாதாம்.
செம்பூர், ஜூலை மாதம், மூன்றாவது மாடி.
மின்விசிறியும் வேண்டாம் என்றான்
ஓம்கார், போனில்.
சுவர் விட்ட மூச்சையே
இரவெல்லாம் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு கிடந்தோம்.

காலையில் பீரோவை நகர்த்தினால்
மே மாதம் கோர்படே அடித்துக்கொடுத்த வெள்ளையைப்
பிளந்துகொண்டு
கறுப்பாகப் பூத்திருந்தது.
பூத்திருந்தது என்றுதான் வாயில் வருகிறது,
என்ன செய்ய.

பஞ்சுக்குச்சியால் ஒற்றி
குழாயில் போட்டு மூடினான்.
கைப்பிடியளவு பம்பு ஒன்று
பத்து நிமிடம் காற்றைக் குடித்தது.
பேசாதீங்க, நடக்காதீங்க.
தாரிகா இருமலை அடக்கத்
தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

ஒன்று, சமையலறை.
இரண்டு, பால்கனி, ஒப்பிட்டுப் பார்க்க.
மூன்று இது.
தலைமாட்டிலிருந்து சுவர் எத்தனை அடி என்றான்.
நான் டேப்பைத் தேடுவதற்குள்
அவளே படுத்துக் கையை நீட்டிக் காட்டினாள்.
விரல்நுனி கறுத்திருந்தது.
படிவத்தில் என்ன எழுதினானோ.

முடிவு வர ஏழு நாளாகும்,
வாடகை ஐந்தாம் தேதி.
பையை மூடிக்கொண்டே சொன்னான்,
இனி ஜன்னலைத் திறக்கலாம்.

திறந்தேன்.
சாரல்
நேராக அந்தச் சுவர்மேல்.