வலது காதுக்கு மட்டும்

பெய்ரூட்டில் யாரோ கழித்துவிட்ட வோக்மன்.
சின்னம்மாவின் பெட்டியில்
பால்மா டின்னுக்கும் நைலக்ஸ் சேலைக்கும் நடுவே வந்தது.
இடது காது செத்திருந்தது.
உள்ளே ஒரு கசெட்.
அட்டையில் மூன்று பெண்கள், எங்கள் நிறம்,
ஒரே துணியில் வெட்டிய மூன்று கவுன்,
கோபுரம் கட்டிய கொண்டை.
குழுவின் பெயரைத் தண்ணீர் தின்றிருந்தது.

நோர்வூட்டுக்கு மேலே
கொழுந்து வாட்டும் மாடியில் எனக்கு இரவு வேலை.
தலைத்துண்டுக்குள் வயரை ஒளித்துக்கொள்வேன்.

வலது காதில் வந்ததெல்லாம் பதில்கள்.
ஊ… என்றார்கள்.
அப்படியா என்றார்கள்.
சொல்லு, சொல்லு என்றார்கள்.
இரண்டு கைதட்டு.
பிறகு எட்டு எண்ணும் வரை ஒன்றுமில்லை,
அடுத்த அறையில் யாரோ சில்லறை குலுக்குவதுபோல
ஒரு சத்தம் மட்டும்.
திரும்பவும் ஊ…

இதுதான் பாட்டு என்றிருந்தேன்.
பன்னிரண்டும் அப்படித்தான்,
வாசலில் நின்று
உள்ளே அழுகிறவளுக்குத் தலையாட்டும் பாட்டு.
நல்ல பாட்டு. இப்போதும் சொல்வேன்.

பெலிஸ்டாவுக்கும் அமராவதிக்கும் பழக்கினேன்.
காற்றாடி இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது?
மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்வோம்.
வெற்றிடம் வந்தால் நின்று எண்ணுவோம்.
பெலிஸ்டாவுக்குச் சும்மா நிற்க வராது.
முதலில் கணக்கப்பிள்ளையின் இருமலை அதில் போட்டாள்.
பிறகு,
'அம்மாவுக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டான்.'
ஊ…
'ஈரக் கொழுந்தாம்.'
அப்படியா.
'மழைய எங்கம்மாவா பேஞ்சா?'
சொல்லு, சொல்லு.
கைதட்டு. கைதட்டு.

அப்படியே பழகிப்போனது.
வங்குரோத்தான சீட்டு, ஒழுகும் தகரம்,
பெரிய தொரையின் நாய்க்கு வந்த டொக்டர்,
எல்லாம் எட்டு எண்ணிக்கைக்குள் அடங்கின.

ஒரு வியாழக்கிழமை
ஏழாவது பாட்டில்
அமராவதி சொன்னாள்:
'கொழும்புலேர்ந்து எழுதியிருக்கான். வரமாட்டானாம்.'

எங்களுக்கு வாய் வரவில்லை.
ஆனால் இடம் வந்துவிட்டது.
ஊ… சரியான நேரத்தில்தான் விழுந்தது.
கைதட்டை மட்டும் அன்று யாரும் தட்டவில்லை.

சம்பளத்துக்கு அடுத்த நாள் அட்டன் பஸ்.
கொண்டக்டர் பாட்டில்லாமல் வாடிப்போயிருந்தான்,
கசெட்டைக் கொடுத்தேன்.
பஸ்ஸுக்கு இரண்டு ஸ்பீக்கர்.
வலப்பக்கம் நம் ஆட்கள், வழமைபோல.
இடப்பக்கம்
ஒருத்தி.

யார் இவள்?
கடித்த கொய்யாக்காய்போலத் துவர்த்த குரல்.
இத்தனை நாளும்
செத்த காதுக்குள் நின்று பாடியிருக்கிறாள்.
எனக்குத் தெரிந்த இங்கிலீசில் பிடித்தவை மூன்று:
கடிதம். வாசல். போகாதே.
இவ்வளவுதானா என்றிருந்தது முதலில்.
எங்கள் இரண்டு கிலோ இதைவிடப் பெரிய சங்கதி.

கம்பியைப் பிடித்தபடி அமராவதி கேட்டாள்,
'இவளுக்கும் வரலையா?'
தெரியாது என்றேன்.
அதற்குள் இடம் வந்துவிட்டது.
அவள் கண்ணை மூடிக்கொண்டு
ஊ… என்றாள்,
இடது ஸ்பீக்கரைப் பார்த்து, வாய் நிறைய.
முன்சீட்டில் கோழியோடு இருந்தவர் திரும்பினார்.
அடுத்ததற்கு பெலிஸ்டாவும் சேர்ந்தாள்.
கொண்டக்டர் மிச்சக்காசைக் கையில் வைத்துக்கொண்டே
டிக்கட் கிழிக்க மறந்தான்.

அட்டனில் ரிப்பேர்க்காரன் இருநூறு ரூபாய் கேட்டான்.
கொடுத்தேன். இப்போது இரண்டு காதும் வரும்.
அவள் பாடுகிறாள், இவர்கள் சொல்கிறார்கள்,
முழுப்பாட்டு. குறை ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும்.
ஒன்பதாவது பாட்டில், கைதட்டுக்குச் சற்று முன்னால்,
பின்னால் நிற்கும் இருவரில் ஒருத்தி
மற்றவளிடம் ஏதோ சொல்லி
சிரிப்பை மூக்கால் அடக்குவாள்.
இரண்டு காதிலும் போட்டால் அது கேட்காது,
முன்னால் பாடுகிறவளின் குரல் மூடிவிடும்.

அந்த இடத்துக்கு மட்டும்
இடது பக்கத்தைக் கழற்றிவிடுகிறேன்.