குழாய் வழி

முதலில் ஒன்றே ஒன்று, ரொட்டிக் கத்தியின் மேல்.
கடுகில் பாதி. உடம்பெல்லாம் நீர்த்த தேன் நிறம்,
பின்முனையில் மட்டும் மைப்பேனா பட்டுவிட்ட கறுப்பு.
நசுக்கினேன்.
விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அதில்தான் ஏமாந்தேன்.

வெளியே திபிலிசி முழுக்கப் பனி.
ஜனவரியில் எறும்புக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.
அவற்றுக்கு வெளி என்பதே கிடையாது என்று
அப்போது தெரியாது.
குழாய் ஓடும் சுவருக்குள்
வருஷம் முழுக்கக் கோடை.

புத்தாண்டுக்கு வாங்கித் தொங்கவிட்ட சுர்ச்கேலா,
திராட்சைப் பாகில் முக்கிய அக்ரூட் சரம்.
அதன் நூல் நகர்கிறதே என்று
கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.
நூல் நகரவில்லை.

எலுமிச்சை வாசனை போட்ட ஸ்ப்ரே ஒன்று வாங்கி
டப்பா தீரும்வரை அடித்தேன்.
இரண்டு நாள் வெற்றி.
மூன்றாம் நாள் குளியலறையில் ஒரு சாரை,
சுவிட்சுப் பலகையில் ஒரு சாரை,
இஸ்திரிப் பெட்டியின் துளைகளில், பல் துலக்கும் பிரஷில்.

ஜும்பேர் வந்தார். மருந்துப் பையைத் திறக்கவே இல்லை.
டப்பாவை வாங்கிக் குலுக்கிப் பார்த்து
'முழுசுமா?' என்றார், துக்கம் விசாரிப்பவர் போல.
'இதற்கு ஒரு ராணி இல்லை அம்மா, ஏகப்பட்டது.
விஷ வாடை பட்டதும்
பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு
ஆளுக்கொரு பக்கம் தனிக்குடித்தனம் போய்விடும்.
நீங்கள் கொல்லவில்லை. பாகம் பிரித்து வைத்தீர்கள்.'

வெந்த மஞ்சள் கரு, தேன், போரிக் பவுடர்.
பவுடர் சிட்டிகைக்கு மேல் கூடாது.
கூடினால் வழியிலேயே சாகும், வீடு போய்ச் சேராது.
சேர வேண்டும். அதுதான் முக்கியம்.
சோடா மூடிகளில் வைத்து, பூனைக்கு எட்டாமல்.
ஒன்றையும் நசுக்காதே, வரும் தடத்தைத் துடைக்காதே.
வாசல்வரை போனவர் திரும்பி:
'மேல் வீட்டிலும் வைக்கணும், ஒரே நாளில்.
குழாய்க்குக் கதவு எண் தெரியாது.'

மேல் வீடு சிசானா.
நான்கு வருஷமாகப் பேச்சில்லை.
அவள் வாஷிங் மெஷின் என் கூரையில் வரைந்த
பழுப்புக் கறைக்கு
வர்ணம் பூசாமல் வைத்திருந்தேன், சாட்சிக்கு.

லிஃப்டின் காசுப் பெட்டிக்குப் பத்து தெத்ரி போட மனமில்லாமல்
படியேறினேன். தட்டில் பன்னிரண்டு மூடிகள்.
கதவு ஒரு சாண் திறந்தது.
ஒத்திகை பார்த்துவைத்த வாக்கியம் வரவில்லை.
'எறும்பு' என்றேன்.
அவளுக்குப் பின்னால், மேசைமேல்,
அதே எலுமிச்சை டப்பா. மூன்று.
ஆறு மூடிகளை எடுத்துக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது.

இறங்கும்போது கணக்குப் போட்டேன்:
நான் அடித்து மேலே ஏற்றியவை எத்தனை,
அவள் அடித்துக் கீழே இறக்கியவை எத்தனை,
இதில் யாருடைய எறும்பு எது?

பிறகு அந்தப் பத்து நாள்.
மூடிகளைச் சுற்றித் தேர்க்கூட்டம்.
என் சமையலறையில் நான்
ஓரமாக நின்று டீ குடித்தேன்.
கட்டைவிரல் தானாக எழும், மடக்கிக்கொள்வேன்.
வாயில் மஞ்சள் துணுக்கோடு ஒன்று சுவரேறியது.
'போ' என்றேன், 'பார்த்துப் போ.
எல்லாருக்கும் பங்கு கொடு. ராணிக்கு முதலில்.'
என் குரல் அவ்வளவு இனிமையாக இருந்தது,
எனக்கே பயமாகிவிட்டது.

பிப்ரவரிக் கடைசியில் மூடிகள் காய்ந்து கிடந்தன.
தேன் ஜாடி அலமாரியில் விட்டிருந்த வட்டத்தைத்
துடைத்தேன். சர்க்கரை டப்பாவுக்கு இறுக்கமான மூடி.
குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில்
விரல் நுழையும் சந்து. சிமெண்ட் குழைத்து அப்பினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு நிற்கையில்
கூரைக்கு மேலே, அதே குழாயைச் சுற்றி
கரண்டி உரசும் சத்தம்.

கறைக்கு இன்னும் வர்ணம் பூசவில்லை.