இரவுப் பதிவேடு

வெள்ளைக்கல் குவாரியில் எனக்கு இரவுக் காவல்.
மூடிப் பதினாறு வருடமான குழி.
திருடிப்போக ஒன்றும் கிடையாது,
ஓட்டை வாளி, உடைந்த எடைமேடை,
கருப்பூர்ப் பக்கம் தேய்ந்துபோகும் ரயில் சத்தம்.
நிலா வந்தால் தரையெல்லாம்
உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும்.
எதிரே ஏற்காட்டு விளக்குகள்
யாரோ சிந்திவிட்டு அள்ள மறந்த ரவை.

அந்த மலையில்தான்
பதிமூன்றாம் கொண்டை ஊசி வளைவில்
நான் வீரனானேன்.
கவிழ்ந்தது பேருந்து;
பின்னால் வந்த லாரியில் கிளீனர் நான்.
ஒன்பது பேரைத் தோளில் ஏற்றி வந்தேன்.
பத்தாவது ஆளுக்காகத் திரும்பும்போது
ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.
பார்த்தேன். பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.
சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன்.

அஸ்தம்பட்டியில் பேனர் வைத்தார்கள்:
மரணத்தை மறித்த மாவீரன் அர்த்தநாரி.
கலெக்டர் கையால் சால்வை.
அப்புறம் இந்த வேலை.

மணிக்கொரு தரம் குழியைச் சுற்றி வந்து
நேரம் போட்டு எழுத வேண்டும்:
ஒன்றுமில்லை.
முதல் மாதம் சுற்றினேன்.
அடுத்த மாதம் பாதி சுற்றினேன்.
பிறகு ஒன்பது மணிக்கே உட்கார்ந்து
விடியும்வரைக்குமான ஒன்றுமில்லைகளை
ஒரே மூச்சில், ஒரே சாய்வில்
எழுதி முடித்துவிட்டுத் தூங்கினேன்.

மாசியில் ஒரு நாய் குழிக்குள் விழுந்தது.
அதன் குரல் சுவரில் மோதி
நாலு நாயாக மேலே வந்தது.
அறுபது அடி. பாதியில் ஒரு கல்திட்டு,
அடியில் பச்சைத் தண்ணீர்.
டார்ச் அடித்தேன்; திட்டில் இரண்டு கண்.
அணைத்துவிட்டேன்.
போர்வையைக் காதுக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.
மூன்றரைக்குக் குரல் நின்றது.
நிம்மதியாக இருந்தது.
யாரிடமும் சொன்னதில்லை இதை:
நிம்மதியாக இருந்தது.

காலையில் பகல் காவலுக்கு வந்த லூர்துசாமி
ஏட்டைப் புரட்டினான்.
பத்து ஒன்றுமில்லை.
கொட்டாவி விட்டுக் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் எட்டரைக்கு மறுபடியும் குரல்,
மெலிந்து,
கைமாற்றுக் கேட்க வந்து
வாசலிலேயே நிற்பவள் மாதிரி.
எடைமேடைத் தூணில் கம்பிவடத்தைச் சுற்றி
மறுமுனையை இடுப்பில் கட்டினேன்.
கட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்,
யாராவது இருக்கிறார்களா என்று.
வெள்ளை. வெள்ளை. ஒரு வேலமரம்.
காலர்வரைக்கும் போன கை
அங்கே வேலையில்லாமல் திரும்பி வந்தது.

முழங்கால் நடுங்கியது,
ஒன்பது பேரைத் தூக்கியபோது நடுங்காத முழங்கால்.
பாதியில் கால் வழுக்க
அம்மா என்று கத்தினேன்.
நாலு அம்மா திரும்பி வந்தது.
நாய் என்னைக் கண்டதும்
முதல் வேலையாகக் கடித்தது.
திட்டிக்கொண்டே சட்டையைக் கழற்றிப்
பொட்டலம் கட்டி முதுகில் போட்டு ஏறினேன்.
மேலே அவிழ்த்துவிட்டதும்
திரும்பிக்கூடப் பார்க்காமல்
செட்டிச்சாவடிப் பக்கம் ஓடிவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸ்
எங்கே கடிச்சது என்றார்.
தெருவில் என்றேன்.

அந்த ராத்திரியின் பக்கத்தை
இப்போதும் புரட்டிப் பார்க்கலாம்.
ஒன்பது மணிக்கு நேரே
வெள்ளைத்தூள் ஒட்டிய விரல்ரேகை,
கோணல் எழுத்தில்
ஒன்றுமில்லை.

பத்து மணிக்கு நேரே காலி.
தூங்கிவிட்டேன்.