முகத்துவாரம்

ஆசாரிப்பள்ளம். விடிய இன்னும் நேரம் கிடக்கிறது.
கிளீட்டஸின் இடக்கையில் பட்டையைச் சுற்றி
இருநூறு வரை காற்றடிக்கிறேன்.
விரல்நுனி வெளுத்து, பிறகு நீலம் பாரிக்கிறது.
ஐந்து நிமிடம். தளர்வு. மறுபடியும்.

"நெஞ்சைத்தானே கீறப் போறிய,
கையை எதுக்கு இந்த நெரி நெரிக்கிய?"

பதில் என்னிடம் ஒரு படமாக இருக்கிறது,
முழுக்க அம்புக்குறி.
மூச்சு முட்டிய தசை அடினோசினைக் கசியவிடும்.
ரத்தத்தில் ஏதோ ஒன்று ஏறிப் போகும்
(அது எதுவென்று இன்னும் யாரும் உறுதியாய்ச் சொல்லவில்லை).
இதயத்தில் ஒரு செல்லின் வாசலைத் தட்டும்.
உள்ளே ஒரு புரதம் இன்னொன்றின் தோளில்
ஒரு பாஸ்பேட்டை வைக்கும்,
அது திரும்பி அடுத்ததின் தோளில்,
அடுத்தது, அதற்கடுத்தது,
கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவின் கதவடியில்
காவல் நிற்பவன் காதுக்கு:
திறந்துவிடாதே.

இதில் எதை எடுத்து அவரிடம் நீட்ட?
"கை நெஞ்சுக்குத் தகவல் சொல்லும்" என்றேன்.

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார்.
"வயர்லெஸ்ஸு" என்றார்.
"கரையில பேசினா கொஞ்ச தூரந்தான் கேக்கும்.
பெறவு ஒரு போட்டு அடுத்த போட்டுக்குச் சொல்லணும்.
ஒக்கி அன்னைக்கு
எங்களுக்கு முன்ன கெடந்த போட்டுல
செட்டை அணைச்சுட்டு உறங்கிட்டானுவ."

காற்றை இறக்கினேன். இரண்டு முறை ஆயிற்று.

"எம் மச்சினன் அதுல தப்பினான் கேட்டியளா.
மூணு நாள் வெறும் பலகையில கெடந்து தப்பினான்.
மறு வருசம் தேங்காப்பட்டணத்துல,
வலை நெறைய மீனோட திரும்பி வரும்போ,
கரையில நிக்கிற பிள்ளைய மொகம் தெரியுற தூரத்துல,
முகத்துவாரத்து அலையில மறிஞ்சான்."

மூடிய ரத்தக்குழாயைத் திறந்ததும்
பட்டினி கிடந்த தசைக்குள் பாய்ந்து வரும் ரத்தமே
பாதியைக் கொன்றுவிடும் என்று படித்தது
சென்னையில், ஒரு குளிரூட்டிய அறையில்.
தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

பெரிய ஆய்வுகள் இரண்டு
இந்தக் கைநெரிப்பால் பலன் தெரியவில்லை என்று முடிந்ததை
அவரிடம் சொல்லவில்லை.
எங்கள் டாக்டர், கெடுதல் இல்லையே, செய் என்பார்.

மூன்றாவது முறை பட்டை தளர்ந்தபோது
உள்ளங்கையில் சிவப்பு ஏறியது
தூண்டில் கயிறு அறுத்த தழும்பை மட்டும் விட்டுவிட்டு.

"கேட்டிருக்குமா அதுக்கு?"

ஸ்ட்ரெச்சரின் பிரேக்கைக் காலால் தட்டி எடுத்தேன்.
வலது பின்சக்கரம் எப்போதும்போல
ஒரு பக்கமாய் இழுத்தது.