ஸ்கூகொக் ஏரியில் ஒரு ஞாயிறு

புறப்படும்போது எஞ்சினை முழுக்க உள்ளே இழுத்துவை,
இல்லாவிட்டால் மூக்கு வானத்தைப் பார்க்கும்,
முன்னால் வருவது தெரியாது.
இதை நான் சொல்லவில்லை.
படகோடு வந்த புத்தகம் சொல்கிறது,
ஈரத்தில் ஊறி உப்பிய முப்பத்தோராம் பக்கம்.

செந்தூரனும் நானும் பேசி ஏழு கிழமை.
சீட்டுக் காசில் பாதி பாதி போட்டு வாங்கிய படகு.
நானூறு டொலர் யார் தரவேண்டும் என்பதில்
ஆளுக்கொரு கணக்கு.
ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் பொது.

போர்ட் பெரி துறையில் இறக்கினோம்.
சிவப்புச் சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினேன்:
நான் விழுந்தால் எஞ்சினும் நிற்கும்.
அவன் விழுந்தால் நிற்காது என்று நினைத்தேன்.
நினைத்ததற்கு வெட்கப்பட்டு
வேகத்தைக் குறைத்தேன்.

பிறகு பெருவிரலால் பொத்தானை மெல்ல, மெல்ல.
மூக்கு ஒரு சொட்டு எழுந்தது,
சுக்கான் கையில் பாரமில்லாமல் போயிற்று.
ஆசை யாரை விட்டது, இன்னும் ஒரு தட்டுத் தட்டினேன்.
படகு தவளையாய்த் துள்ளத் தொடங்கியது,
தண்ணீரை விட்டு வந்த விசிறி
காற்றைக் கடைந்து கத்தியது.
"இறக்கு" என்றான்.
ஏழு கிழமைக்குப் பின் முதற்சொல்.
இறக்கினேன்.

தீவுப் பக்கம் இடுப்பளவு ஆழம், முழுக்கப் பாசி.
எஞ்சினை அரைவாசி தூக்கி நடைவேகத்தில் போனோம்.
பின்னால் பீச்சும் மெல்லிய நீர்த்தாரையிலேயே என் கண்:
அது நின்றால் எஞ்சின் தாகத்தில் வெந்துபோகும்.
அது நிற்கவில்லை. விசிறி நின்றது,
குளிக்கும் அறை வடிகாலில் தலைமயிர்போல்
பாசி சுற்றிக்கொண்டு.

அணைத்தேன். சாவியை உருவினேன். முழுதாய்ச் சாய்த்தேன்.
கத்தியோடு பின்பக்கம் குனிந்து
இரண்டு கையையும் அதன் கீழே விட்டான்.
ஹைட்ராலிக் கசிவது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அந்த நானூறு அதற்குத்தான்.
திருத்தியும் திருந்தவில்லை.

ஒரு அங்குலம் இறங்கியது, சத்தமே இல்லாமல்.

"கையை எடு."
எடுத்தான்.
மறுபடி மேலே தூக்கி, பூட்டு நெம்பைத் தட்டி,
எஞ்சினின் பாரத்தை அதன்மேல் இருத்தினேன்.
ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.
"இப்ப விடு."

நீளநீளமாய் அறுத்து வீசினான்.
ஒரு துண்டு என் சப்பாத்தில் விழுந்தது.
"இருநூறு நான் தாறன்" என்றான்,
விசிறியைப் பார்த்து.

சாவி என் பல்லுக்கிடையில், பித்தளைச் சுவை.
தலையை மட்டும் ஆட்டினேன்.
அவன் அதைப் பார்க்கவில்லை.